சுற்றாடல் பொறியியலில் முதுமாணி: பேராதனையா, சென்னையா, குளிர்நாடா?

கடந்த பொங்கலுக்குத் தலவாக்கலைக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் மகள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘இங்கே’, வலப்பக்கம் ‘வெளியே’. வலப்பக்கத்தில் ஜெர்மனி, ஜப்பான், நெதர்லாந்து, பாங்கொக், சென்னை என்று இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். இடப்பக்கத்தில் ‘பேராதனை’ என்று ஒரே சொல். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“அண்ணா, எதை வெட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றாள்.

அவள் குடிசார் பொறியியல் பட்டதாரி. கண்டியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அவளோடு வந்திருந்த தோழி இரசாயனவியல் பட்டதாரி. ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறாள். இருவருக்கும் ஒரே ஆசை, சுற்றாடல் பொறியியலில் முதுமாணி. ஆனால் இருவருக்கும் ஒரே விடை கிடையாது. அன்று இருட்டும்வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் இந்தப் படிப்பை முடித்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும், அதனால் மறைக்கவில்லை.

முதலில் காசைப் பேசிவிடுவோம். வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத விடயம் அதுதான்.

“ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் அது உண்மை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்–வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கழிவுநீர், திண்மக்கழிவு, வளி மாசு மூன்றையும் ஒன்றாகக் கற்பிக்கும் பேர்பெற்ற பாடநெறி அங்கேதான் இருக்கிறது. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும், ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. நம் காசில் 40 இலட்சத்தைத் தாண்டுகிறது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்து 2025இலும் இருந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், சித்தி கிட்டத்தட்ட 3,000 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் பத்து வருடம். கொப்பியின் மூலையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவள் ஒன்றும் பேசவில்லை. சித்தி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கடன் வாங்கி இந்தப் படிப்புக்கு வெளிநாடு போகாதே என்பது என் முடிந்த முடிவு. கணினித்துறைக்காரர் கடனை அடைக்கும் வேகம் வேறு, கழிவுநீர்க்காரர் அடைக்கும் வேகம் வேறு. ஆகவே வலப்பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘முழுப் புலமைப்பரிசில் உண்டா’ என்று எழுதச் சொன்னேன். அரைப் பரிசில் கணக்கில் சேராது. பாங்கொக் அருகே உள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். 1959இல் தொடங்கிய இடம், சுற்றாடல் பொறியியலில் ஆசியா முழுவதும் அதன் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், கற்பிப்பது ஆங்கிலத்தில். ஆனால் அங்கிருந்து வரும் மகிழ்ச்சியான மின்னஞ்சல்களில் பல, கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் கழிக்கின்றன. மிச்சப் பகுதியையும் இரண்டு வருடச் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேக் வெட்ட வேண்டும்.

முழுப் பரிசில் என்றால் நம்மவர்க்கு எட்டக்கூடியவை சில இருக்கின்றன. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் கட்டணத்தையும் கொடுத்து மாதம் 1,400 யூரோவும் கொடுக்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் பரிசில் முதுமாணி மாணவருக்கு மாதம் 144,000 யென் அளவில் கொடுக்கிறது. வயது 35க்குக் கீழ் இருக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு வளரும் நாட்டவர்க்கென்று ஒதுக்கிய பாடநெறிகளுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. தங்கை தலை குனிந்து சொன்ன “ரெண்டு வருடம் வீணாகிவிட்டது” என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தேன். அந்த இரண்டு வருடம்தான் அவளுடைய நுழைவுச்சீட்டு.

இந்தியாவுக்கு மௌலானா ஆசாத் பெயரில் முதுமாணிக்கான புலமைப்பரிசில் இருக்கிறது. நம் கல்வி அமைச்சு வழியாக விளம்பரம் வரும். தோட்டப் பிள்ளைகள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பத்திரிகையில் அந்த விளம்பரம் வரும் நாளில் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

இனிப் படிப்புக்கு வருவோம். இங்கே ஒரு போத்தல் கதை சொல்ல வேண்டும்.

சித்தப்பா இருக்கும் டிவிஷனில் லய வரிசை வீடுகளுக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. அங்கிருந்து குழாய் போட்டு, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வருகிறது. ஊற்றுக்கும் மேலே, சரிவில், புதிதாக நாலைந்து மலக்குழிகள். படிப்பு முடித்த கையோடு, பெரிய நிபுணன் என்ற நினைப்பில், ஹைட்ரஜன் சல்பைட் சோதனைப் போத்தல்களைக் கொண்டுபோனேன். சின்னக் கண்ணாடிப் போத்தல், உள்ளே மருந்தூட்டிய தாள். தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமிகள் இருக்கும் நீர் ஒன்றிரண்டு நாளில் மைபோலக் கறுத்துவிடும். இது முடிவான சோதனை அல்ல. சந்தேகத்தைக் கிளப்பும் சோதனை. கறுத்தால் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். மூன்று போத்தல்களை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. “நல்ல தண்ணீர்தான் சித்தப்பா” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அன்றிரவு போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோதுதான் உறைத்தது. இந்தச் சோதனை 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் உருவானது; முப்பது பாகை வெப்பத்தை எண்ணி அமைத்தது. என் ஜன்னல் விளிம்பில் இரவில் பன்னிரண்டு பாகைகூட இருந்திருக்காது. விடிந்ததும் புதிதாக மூன்று போத்தலில் தண்ணீர் பிடித்துத் துவாயில் சுற்றி, சித்தியிடம் கெஞ்சி, அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்தேன். மறுநாள் மாலை மூன்றுமே கறுத்துப் போயிருந்தன. சித்தி அந்தப் போத்தலை ஒருமுறை பார்த்தார், அன்றிலிருந்து கொதிக்க வைக்காத தண்ணீர் அந்த வீட்டில் இல்லை.

தண்ணீரும் போத்தலும் சரியாகத்தான் இருந்தன. நான் படித்த படிப்புத்தான் சூடான ஊருக்குரியது. நீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்கும் வேகம் வெப்பத்தோடு கூடும். இந்தத் துறையின் பாடநூல்களில் ஒவ்வொரு பாகைக்கும் 1.047 என்ற பெருக்கம் வழக்கமாக வரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை, கொழும்பினுடையது சுமார் 28. பன்னிரண்டு பாகை வித்தியாசத்துக்கு 1.047ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் ஒன்றே முக்கால் வருகிறது. கொழும்பில் நான்கு நாளில் முடியும் வேலைக்கு நுவரெலியாவில் ஏழு நாள் வேண்டும். கொழும்பு அளவில் வரைந்த மலத்தொட்டியை நானுஓயாவில் புதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்த இடத்தைப் பற்றிக் கேட்டாலும் இப்போது நான் முதலில் கேட்பது, அவர்கள் எத்தனை பாகையில் பாடம் நடத்துகிறார்கள் என்பதைத்தான். சென்னையும் பாங்கொக்கும் முப்பதில். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆகியவை குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கும் கழிவுநீரை வைத்து. நம் மலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சமன்பாடு எங்கும் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கைப்பழக்கம் சமன்பாட்டில் வராது. நெதர்லாந்தின் வாகெனிங்கனில் 1970களில் லெட்டிங்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் காற்றில்லாமல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு கசடுப்படுக்கை உலையை உருவாக்கினார்கள். நகரக் கழிவுநீருக்கு அது பெரிதாகப் பயன்பட்டது அவர்களின் குளிரில் அல்ல; கொலம்பியாவிலும் பிரேசிலிலும் இந்தியாவின் கான்பூரிலும். கண்டுபிடித்த ஊர் ஒன்று, பொருந்திய ஊர் வேறு.

இந்தக் கண்ணோடு பேராதனையைப் பார்த்தால் கேள்விக்குறி கொஞ்சம் சிறிதாகிறது. பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்தது. அக்பர் பாலத்தில் நின்று கீழே மகாவலியைப் பார்த்தாலே பாடத்திட்டத்தில் பாதி தெரியும்: நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலிருந்து உரமும், மேல்மலைகளிலிருந்து மண்ணும் வந்து சேரும் ஆறு அது. அதே ஆற்றில் கண்டியின் அழுக்கைச் சுமந்துவரும் மெத எல கலக்கிறது. கொஹாகொட குப்பைமேடும் மகாவலிக் கரையோரம்தான். ஆய்வுக்கு மாதிரி எடுக்க விமானம் ஏற வேண்டியதில்லை. சுற்றாடல், நீர்ப் பொறியியலில் முதுமாணி அந்தப் பீடத்திலேயே இருக்கிறது. வேலையை விடாமல் படிக்கலாம், கட்டணம் சில இலட்சங்களுக்குள் முடியும், வீட்டுக்கு அனுப்பும் காசும் நிற்காது.

ஆனால் பேராதனையில் எதைப் படிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நம் நாட்டின் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு வகை. ஒன்பதாம் மட்டத்தில் 30 திறனலகு (கிரெடிட்), பெரும்பாலும் பாடங்கள். பத்தாம் மட்டத்தில் 60 திறனலகு, அதில் ஆய்வு கணிசமான பங்கு. முதலாவது சீக்கிரம் முடியும், பதவி உயர்வுக்குப் போதும். நான் எடுத்தது அதுதான். சனி, ஞாயிறு இரண்டும் வகுப்பு. திங்கள் காலை கண் எரிச்சலோடு வேலைத்தளம். இறுதித் திட்டத்துக்கு அலுவலகத்தில் கிடந்த பழைய தரவுகளை எடுத்துப் படம் வரைந்து கொடுத்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. ஒரு நீர் மாதிரியைக்கூட என் கையால் வடிகட்டி, கிருமி வளர அடைகாத்து, தட்டில் எண்ணியதில்லை. நான் படித்த இடம் எது என்று சொல்லப்போவதில்லை, குற்றம் அங்கே இல்லை. சீக்கிரம் முடியும் வழி எது என்று கேட்டு நானே தெரிவு செய்தேன். அடுப்புத் திட்டில் வைத்த போத்தல்தான் என் முதல் ஆய்வுகூடம்.

தங்கைக்குச் சொன்னது, பேராதனை என்றால் 60 திறனலகு, ஆய்வோடு. ஒரு வருடம் கூடுதலாகப் போகட்டும். பிறகு கலாநிதிப் பட்டம் செய்ய நினைத்தாலும், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நினைத்தாலும் ஆய்வில்லாத முதுமாணி கைகொடுக்காது. பகுதிநேரத்தில் ஆய்வு செய்வது சிரமம் என்பதும் உண்மை. கண்டியில் வேலை, பேராதனையில் ஆய்வுகூடம் என்றால் நடக்கக்கூடிய சிரமம். ஹட்டனிலிருந்து என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொறட்டுவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுற்றாடல் பொறியியலும் முகாமைத்துவமும் சேர்ந்த பாடநெறி, தரமான இடம், கொழும்பு நிறுவனங்களோடு நெருக்கம். கொழும்பில் வேலை செய்பவர் வேறெங்கும் தேட வேண்டாம். மலையிலிருந்து வாரந்தோறும் இறங்கி ஏறுவது என்றால், படிப்பதைவிட அதிக நேரம் பஸ்ஸில்தான் போகும்.

சென்னையை நம் வீடுகளில் சொல்லும் காரணம் “அங்கே தமிழ்” என்பது. விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். கிண்டியின் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அடையாற்றின் ஐ.ஐ.டி.யிலும் ஆய்வறிக்கையைத் தமிழில் வாங்க மாட்டார்கள். உயர்தரம் வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் பட்டம் முடித்தவர்க்குச் சென்னையின் அனுகூலம் இட்லி, வாடகை வீட்டுக்காரரோடு பேரம், அவ்வளவே. ஆனால் வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. தண்ணீர் இல்லாத நகரம் என்ன செய்யும் என்பதைச் சென்னையில் கண்ணால் பார்க்கலாம். 2019இல் ஏரிகள் வற்றின. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கோயம்பேட்டில் கழிவுநீரைத் திரும்பச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஐ.ஐ.டி. மெட்ராஸிலோ படித்தால் இவை எல்லாம் பக்கத்திலேயே. மேலிருந்து தானாக இறங்கிவரும் நீரை வைத்துக்கொண்டு அதை அழுக்காக்கும் நமக்கு இவற்றில் பாதிதான் பொருந்தும். சென்னையில் சேருபவர் ஆய்வுக் களத்தை நீலகிரியில் தேர்ந்தால் கதை மாறும். அதே தேயிலை, அதே சரிவு, அதே குளிர். நுவரெலியாவின் கிரகரி வாவிக்கு இருக்கும் அழுக்கு நோய்தான் ஊட்டி ஏரிக்கும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய நம் சொந்தங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்னும் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சோறு போடவும் ஆள் கிடைக்கும்.

வெளியே போக முடிந்தால் என் முதல் தெரிவு ஜப்பான். கேட்டதும் தங்கைக்கு ஆச்சரியம். அவள் ஐரோப்பாவை எதிர்பார்த்தாள். காரணம் ஜொகாசோ. கழிவுநீர்க் குழாய்வலை எட்டாத மலைக்கிராமங்களில் ஜப்பானியர் வீட்டுக்கு வீடு புதைக்கும் சின்னச் சுத்திகரிப்புத் தொட்டி அது. சமையலறை, குளியலறை, கழிவறை மூன்றின் நீரும் அதற்குள் போய்க் காற்றூட்டப்பட்டு, தெளிந்து, குளோரின் ஊட்டப்பட்டு வெளியே வருகிறது. அதைப் பரிசோதிக்கவும் கசடு உறிஞ்சவும் சட்டப்படி ஆள் வர வேண்டும். நம் லயங்களைப் பார்த்தவர்க்கு இதன் அருமை புரியும்: இருபது வீடுகள் ஒரே வரிசையில், கீழே ஓடை, கொழும்பு பாணிக் குழாய்வலை இந்தச் சரிவில் எந்தக் காலத்திலும் வராது. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, பராமரிப்பைத் தோட்டம் செய்யுமா பிரதேச சபை செய்யுமா என்பவை நம்மூர்க் கேள்விகள்; அதற்கு ஜப்பானில் விடை இல்லை. சைத்தாமா பல்கலைக்கழகத்துக்கு இலங்கைப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகப் போய்வருகிறார்கள். மேற்பார்வையாளராக வரப்போகிறவருக்கு முன்கூட்டியே எழுதி, அவருடைய ஆய்வோடு நம் பிரச்சினையைப் பொருத்திக் காட்டுவதுதான் அங்கே பாதி வெற்றி. “உங்களிடம் படிக்க விரும்புகிறேன்” என்று நூறு பேர் எழுதுவார்கள். “16 பாகையில் ஒரு ஊற்று, அதன் மேல் நாலு குழி” என்று எழுதுபவர் ஒருவர்தான்.

டெல்ஃப்டில் உள்ள ஐ.எச்.ஈ. (IHE) நிறுவனம் 1957 முதல் நம்மைப் போன்ற நாட்டவர்க்கு நீர்த்துறை கற்பிக்கிறது; குழாய்வலை இல்லாத இடத்து மலக்கசடு முகாமையில் அவர்களுக்குக் கைவந்த அறிவு உண்டு. பரிசில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கிடைக்காதவர்க்கு ஒரு சின்ன வழி: சுவிட்சர்லாந்தின் ஏவாக் (Eawag) நீராய்வு நிறுவனத்தார் இதே விடயங்களில் நடத்தும் இணையப் பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். முதுமாணிக்கு விண்ணப்பிக்கும் முன் அதில் ஒன்றை முடித்துப் பார்த்தால், இந்த நாற்றம் தனக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும். சரிப்படாமல் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் வெட்கமில்லை.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டியிருந்தது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்தபோது தங்கை பாடசாலை மாணவி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகம் மறுபடி சரிந்தது. “இதற்காகத்தான் படிக்கப்போகிறேன்” என்றாள். அப்படியானால் படிக்க வேண்டியது இது அல்ல. மண்சரிவு மண்பொறியியலிலும் நீரியலிலும் வரும் விடயம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள் புவிச்சரிதவியலாளர்களும் மண்பொறியியலாளர்களும். சுற்றாடல் பொறியியல் அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது: முகாமில் இருக்கும் முந்நூறு பேருக்குக் குடிநீர் எங்கே, கழிவறை எங்கே, இரண்டுக்கும் இடையில் எத்தனை அடி. அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அந்த அடுத்த நாள்தான் எனக்கு வேண்டும்” என்றாள். சரி, அப்படியானால் கொப்பியை மூட வேண்டாம்.

தோழியின் கதைக்கு வேறு பாதை. பொறியியல் பீட முதுமாணிகள் பொதுவாகப் பொறியியல் பட்டத்தைத்தான் கேட்கும். இரசாயனப் பட்டதாரி அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே காலத்தைக் கழிக்கக் கூடாது. பேராதனையிலேயே விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவனம் இருக்கிறது, அங்கே சுற்றாடல் விஞ்ஞான முதுமாணி உண்டு. ஐரோப்பாவில் சுற்றாடல் தொழில்நுட்பப் பாடநெறிகள் சில இரசாயன, உயிரியல் பட்டதாரிகளையும் ஏற்கின்றன. பெயர்ப்பலகையில் ‘பொறியியலாளர்’ என்று வராது. ஆனால் நீரின் தரத்தைச் சொல்லும் ஆய்வுகூடத்தில் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் இரசாயனவியலாளர்தான். இலங்கைக் குடிநீர்த் தரம் 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை (E. coli) என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பவர் தோழியாக இருக்கட்டும், குழியை எங்கே வெட்டுவது என்று சொல்பவர் தங்கையாக இருக்கட்டும் என்றேன். தோழி சிரிக்கவில்லை. ஹட்டனில் கற்பித்துக்கொண்டு வார இறுதியில் பேராதனை போய்வர முடியுமா என்பதுதான் அவள் கவலை. பாடங்களுக்கு முடியும், ஆய்வுக் காலத்தில் சம்பளமற்ற விடுமுறை எடுக்காமல் முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அப்பா ஓய்வுபெற அதிக நாள் இல்லை. அந்தக் கணக்கை நான் போட முடியாது.

இருட்டிவிட்டது. தங்கை பேனையை எடுத்துப் பாங்கொக்கை வெட்டினாள். ஜெர்மனிக்குப் பக்கத்தில் ‘பரிசில் இருந்தால்’ என்று எழுதினாள். ஜப்பானைச் சுற்றி ஒரு வட்டம். பேராதனைக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘60’ என்று போட்டாள். சென்னையை அப்படியே விட்டுவிட்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் கண்டி பஸ் ஏறுமுன், என் பையில் இருக்கும் வெப்பமானியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். ஊற்றில் ஒன்று, பீலியில் ஒன்று என்று ஒவ்வொரு ஞாயிறும் அளந்து எழுதப்போகிறாளாம். எழுத எடுத்திருந்தது அதே கொப்பி, பின்பக்கத்திலிருந்து.